நர்மதை அணையும் மூழ்கிய ஊர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நர்மதைப் போராட்டம் என்றதும் அதை முன்னின்று நடத்திய மேதா பட்கர் பெயர் ஞாபகத்துக்கு வரும். உண்ணாவிரதப் பந்தல் ஒன்றின் படம் ஞாபகத்துக்கு வரும். அதற்கு மேல் கேட்டால், "அணை வேண்டாம்னு போராடினாங்க, கடைசியில கட்டிட்டாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். முப்பது வருடத்துக்கும் மேலாக நடந்த ஒரு சண்டையை அந்த ஒரு வரியில் அடக்க முடியாது. அணை, நீர்ப்பாசனம், இடப்பெயர்வு என்று பேச்செடுத்தால் நண்பர்களும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைத் தொகுத்து, தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

இது எந்த அணை? எங்கே இருக்கிறது?

சர்தார் சரோவர். நர்மதை மத்தியப் பிரதேசத்தில் அமர்கண்டக்கில் பிறந்து 1,312 கிலோமீட்டர் மேற்கு நோக்கி ஓடி, குஜராத்தின் பரூச்சைத் தாண்டிக் கடலில் கலக்கிறது. இந்த ஆற்றிலும் அதன் துணையாறுகளிலும் 30 பெரிய அணைகள், 135 நடுத்தர அணைகள், 3,000 சிறிய அணைகள் என்று ஒரு மாபெரும் திட்டம் போட்டார்கள். அதில் கடலுக்குப் பக்கமாக, எல்லாவற்றுக்கும் கீழே இருப்பது சர்தார் சரோவர்.

அணை நிற்பது குஜராத்தில். தண்ணீரும் பெரும்பாலும் குஜராத்துக்குத்தான். ஆனால் அணைக்குப் பின்னால் 214 கிலோமீட்டர் நீளத்துக்குத் தேங்கும் நீர் மூழ்கடித்த ஊர்களில் பெரும்பாலானவை மத்தியப் பிரதேசத்தில் இருப்பவை. மொத்தம் 245 ஊர்கள்: மத்தியப் பிரதேசத்தில் 193, மகாராஷ்டிரத்தில் 33, குஜராத்தில் 19. இந்தச் சண்டையின் பாதிக் காரணம் இந்த மூன்று எண்களிலேயே இருக்கிறது.

1961ல் அடிக்கல் நாட்டி 2017ல் திறந்தார்கள். 56 வருடத் தாமதத்துக்குப் போராட்டக்காரர்கள்தானே காரணம்?

இல்லை. நேரு அடிக்கல் நாட்டியது 1961 ஏப்ரல் 5. அதற்குப் பிறகு யாருக்கு எவ்வளவு தண்ணீர், அணை எவ்வளவு உயரம் என்று மாநிலங்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டன. 1969ல் நடுவர் மன்றம் அமைத்தார்கள். இறுதித் தீர்ப்பு அரசிதழில் வந்தது 1979 டிசம்பரில். சுற்றுச்சூழல் அமைச்சகம் நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது 1987ல். முழுவீச்சில் கட்டுமானம் தொடங்கியதும் அதே காலத்தில்தான். ஆக முதல் 26 வருடத்துக்கும் எந்தப் போராட்டத்துக்கும் சம்பந்தமில்லை. பிறகு வந்த தாமதத்தில் போராட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு, அதை யாரும் மறுக்கவில்லை.

மூழ்கும் பகுதியில் வாழ்ந்தவர்கள் யார்?

இரண்டு விதமான மக்கள். இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் எதுவுமே புரியாது.

அணைக்கு அருகில் சாத்புரா, விந்திய மலைச்சரிவுகளில் பில், பிலாலா, பாவரா, தட்வி, வசாவா ஆதிவாசிகள். சோளமும் பருப்பும் விளைவிப்பார்கள், மாடும் ஆடும் வைத்திருப்பார்கள், மிச்சத்துக்குக் காடு. மணிபேலி, தோம்கேடி, ஜல்சிந்தி போன்ற ஊர்களுக்கு அப்போது சாலையே கிடையாது. ஒன்று நடக்க வேண்டும், இல்லாவிட்டால் படகு.

மேலே போகப்போக மத்தியப் பிரதேசத்தின் நிமாட் சமவெளி. கரிசல் மண், பருத்தி, கோதுமை, மிளகாய், வாழை. மாடி வீடும் டிராக்டரும் வைத்திருக்கும் பாட்டீதார் விவசாயிகள் ஒரு பக்கம். அவர்கள் நிலத்தில் கூலிக்குப் போகிறவர்கள், மீன்பிடிக்கும் கஹார், கேவட் சமூகத்தார், குயவர்கள், படகோட்டிகள், சின்னக் கடைக்காரர்கள் இன்னொரு பக்கம். சில ஊர்கள் ஆயிரம் குடும்பங்களைத் தாண்டியவை, பள்ளிக்கூடம், சந்தை, கோயில், மசூதி எல்லாம் உள்ள சிறு நகரங்கள் மாதிரி.

மலையில் இருப்பவரும் சமவெளிப் பணக்கார விவசாயியும் மற்றபடி ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள். ஒரே போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அதில் உரசலும் இருந்தது. பணக்கார விவசாயிகளின் நிலத்தைக் காப்பாற்ற ஆதிவாசிகளை முன்னால் நிறுத்துகிறார்கள் என்ற விமர்சனத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் முதலில் மூழ்கியவை மலை ஊர்கள். முதலில் தண்ணீருக்குள் நின்றவர்களும் அவர்கள்தான்.

மொத்தம் எத்தனை குடும்பம்?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. இதற்கு ஒரு பதில் கிடையாது. பதில் மாறிக்கொண்டே வந்ததுதான் கதை.

நடுவர் மன்றத் தீர்ப்பு வந்த 1979ல் சுமார் 6,000 குடும்பங்கள் என்றார்கள். 1987ல் அது 12,000 ஆனது. 1991ல் 27,000. 1992ல் அரசே 40,000 என்றது. அணையின் இறுதி உயரம் மாறவில்லை, ஆற்றின் போக்கு மாறவில்லை. எண்ணிக்கை மட்டும் ஆறேழு மடங்காகப் பெருகியது. காரணம் எளிது. முதலில் யாரும் ஊருக்குள் போய் எண்ணவே இல்லை. போராட்டம் வலுக்க வலுக்க, எண்ண வேண்டிய கட்டாயம் வந்தது.

அந்த 40,000 கணக்கிலும் சேராதவர்கள் உண்டு. அணை ஊழியர்களின் குடியிருப்புக்காக 1961லேயே நிலம் எடுக்கப்பட்ட கெவாடியா உள்ளிட்ட ஆறு ஊர்க்காரர்கள் "அணையால் பாதிக்கப்பட்டவர்கள்" ஆக மாட்டார்களாம், ஏனென்றால் அவர்கள் நிலத்தில் தண்ணீர் ஏறவில்லை. பிரதான கால்வாய்க்கு நிலம் கொடுத்தவர்களுக்கும் இதே வாதம்தான். அணைக்குக் கீழே ஆறு வற்றியதால் தொழில் இழந்த பரூச் பகுதி மீனவர்களும் இல்லை. கோடையில் ஆற்று மணலில் தர்பூசணியும் முலாம்பழமும் போட்டுப் பிழைத்தவர்களுக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை, ஆற்று மணலுக்கு யார் பட்டா கொடுப்பார்கள்?

மேலே, இதே நர்மதையில் ஜபல்பூர் பக்கம் பர்கி அணை இருக்கிறது. அங்கே 101 ஊர் மூழ்கும் என்று கணக்குப் போட்டார்கள். 1990ல் தண்ணீரை நிரப்பியபோது 162 ஊர் மூழ்கியது. மூழ்கியதில் அரசே கட்டிக்கொடுத்த சில மாற்றுக் குடியிருப்புகளும் அடக்கம். இதை முதல்முறை கேள்விப்பட்டபோது யாரோ கிண்டலுக்குக் கட்டிவிட்ட கதை என்று நினைத்தேன். நடந்ததுதான்.

ஆதிவாசிகளிடம் பட்டா இல்லையே, எதை வைத்து இழப்பீடு கேட்டார்கள்?

பட்டா இல்லைதான். நம் வருவாய்த் துறை மொழியில் சொன்னால் பெரும்பாலானவர்கள் "ஆக்கிரமிப்பாளர்கள்". தாத்தா காலத்தில் இருந்து உழுத நிலம் வனத்துறை ஆவணத்தில் காடு என்று இருக்கும். நிலம் இருந்தாலும் செத்துப்போன பெரியப்பா பெயரில் இருக்கும். நான்கு அண்ணன் தம்பிகள் உழுவார்கள், காகிதத்தில் ஒரே குடும்பம்.

நிலத்துக்குத்தான் விலை போடத் தெரியும், காட்டுக்கு எப்படிப் போடுவது என்பது இன்னொரு சிக்கல். ஜல்சிந்தியைச் சேர்ந்த ஒரு ஆதிவாசி விவசாயி 1994ல் மத்தியப் பிரதேச முதலமைச்சருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். காடுதான் எங்களுக்கு வட்டிக்கடையும் வங்கியும், கஷ்டகாலத்தில் அங்கேதான் போவோம் என்று அதில் சொல்லியிருந்தார். வீட்டுக்குத் தேக்கும் மூங்கிலும் அங்கிருந்து வரும், கீரை, கிழங்கு, மருந்து, மாட்டுக்குத் தீனி எல்லாம் வரும். எதற்கும் ரசீது கிடையாது. இழப்பீடு நிர்ணயிக்கும் அதிகாரியின் படிவத்தில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

நடுவர் மன்றம் மறுவாழ்வு பற்றி எதுவும் சொல்லவில்லையா?

சொன்னது, நன்றாகவே சொன்னது. அந்தக் காலத்து இந்தியாவில் அப்படியொரு உத்தரவு அரிது. நிலத்தில் 25 சதவீதத்துக்கு மேல் இழக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நிலத்துக்கு நிலம், குறைந்தது 2 ஹெக்டேர், அதுவும் பாசன வசதியோடு. வயது வந்த மகன்கள் தனிக் குடும்பமாகக் கணக்கிடப்பட வேண்டும். (மகள்கள்? அந்தக் கேள்வி அப்போது யாருக்கும் தோன்றவில்லை.) எல்லாவற்றையும்விட முக்கியமானது: மறுவாழ்வு முழுமையாக முடிந்த பிறகுதான் தண்ணீர் ஏற வேண்டும்.

இந்தக் கடைசி விதி போராட்டத்தின் கையில் கிடைத்த நல்ல ஆயுதம். "அணையே வேண்டாம்" என்று கேட்டால் அது கொள்கை விவாதம். "உங்கள் தீர்ப்பில் எழுதியிருப்பதைச் செய்துவிட்டுக் கட்டுங்கள்" என்றால் பதில் சொல்லியே ஆக வேண்டும். மூன்று மாநிலமும் ஒரு தடவைகூட அதை முழுதாகச் செய்ததில்லை.

அப்படியானால் அவர்கள் கேட்டது மறுவாழ்வா, அணையை நிறுத்துவதா?

முதலில் தகவல் கேட்டார்கள். 1985ல் மும்பையில் இருந்து மேதா பட்கர் அங்கே போனபோது, மகாராஷ்டிர மலை ஊர்க்காரர்கள் பலருக்குத் தங்கள் ஊர் மூழ்கப்போகிறது என்பதே சரியாகத் தெரியாது. தெரிந்ததெல்லாம் சர்வே ஆட்கள் வந்து கல் நட்டுவிட்டுப் போனதுதான். எங்கே போவோம், எப்போது, என்ன கிடைக்கும் என்று தாலுகா ஆபீஸிலும் மாவட்ட ஆபீஸிலும் இரண்டு மூன்று வருடம் கேட்டார்கள். நிலம் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள் என்றால் யாராலும் காட்ட முடியவில்லை. அதற்குப் பிறகுதான் 1988 வாக்கில் "இவ்வளவு பேருக்கு நிலமே இல்லை, ஆக இந்த அணை கூடாது" என்ற முழு எதிர்ப்புக்கு வந்தார்கள். மூன்று மாநிலக் குழுக்களும் சேர்ந்து நர்மதா பச்சாவோ ஆந்தோலன் ஆனது. அங்கிருந்து வந்த முழக்கம்: "யாரும் நகர மாட்டோம், அணை எழாது."

குஜராத்தில் ஆர்ச் வாகினி என்ற அமைப்பு வேறு பாதையில் போனது. ஆதிவாசிகளோடு நின்று போராடி, பட்டா இல்லாதவர்களுக்கும் வயது வந்த மகன்களுக்கும் 2 ஹெக்டேர் என்ற அரசாணையை 1987 டிசம்பரில் வாங்கியது. வாங்கியபின், இனி அணையை எதிர்க்க மாட்டோம், மறுவாழ்வு சரியாக நடக்கிறதா என்று பார்ப்போம் என்றது. ஒரே ஆற்றின் கரையில் நல்லெண்ணம் உள்ள இரண்டு கூட்டம் எதிரெதிராகப் போய்விட்டது. யார் சரி என்று இன்றும் சண்டை போடுபவர்கள் இருக்கிறார்கள். குஜராத்தின் 19 ஊர்களை மட்டும் வைத்துப் பார்த்தால் ஆர்ச் வாகினி சரி. மத்தியப் பிரதேசத்தின் 193 ஊர்களுக்கு அந்தக் கணக்கு செல்லாது என்பது என் எண்ணம். அங்கே அரசிடம் கொடுக்க நிலமும் இல்லை, மனமும் இல்லை.

உலக வங்கி எப்படி வெளியேறியது?

1985ல் வங்கி 45 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்டது. 1990 கிறிஸ்துமஸ் அன்று பட்வானி அருகே ராஜ்காட்டில் இருந்து ஆயிரக்கணக்கானோர் அணையை நோக்கி நடந்தார்கள். குஜராத் எல்லையில் ஃபெர்குவா என்ற இடத்தில் போலீஸ் மறித்தது. எல்லையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மேதா பட்கரும் சிலரும் மூன்று வாரம் பட்டினி கிடந்தார்கள். மாநில அரசு அசையவில்லை, வாஷிங்டன் அசைந்தது. தன் திட்டத்தை வெளியாட்களை வைத்துச் சுதந்திரமாக ஆராய உலக வங்கி ஒப்புக்கொண்டது, அதன் வரலாற்றில் முதல்முறையாக.

ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் முன்னாள் தலைவர் பிராட்ஃபோர்ட் மோர்ஸ் தலைமையில் வந்த குழு ஊர் ஊராகப் போய்ப் பார்த்தது. 1992 ஜூனில் அறிக்கை வந்தது: இந்த நிலையில் எல்லோருக்கும் மறுவாழ்வு சாத்தியமில்லை, சுற்றுச்சூழல் பாதிப்புகள் சரியாக ஆராயப்படவில்லை, வங்கி ஒதுங்கி நின்று யோசிப்பது நல்லது. வங்கி நிபந்தனைகள் போட்டது. அவற்றை நிறைவேற்ற முடியாது என்று தெரிந்ததும், 1993 மார்ச்சில் மிச்சக் கடனே வேண்டாம் என்று இந்திய அரசு சொல்லிவிட்டது. பாதிக்கப்பட்ட மக்கள் நேரடியாக மனு கொடுக்கக்கூடிய ஆய்வுக் குழு ஒன்றை வங்கி அதே வருடம் அமைத்ததற்கு இந்த அனுபவம் ஒரு முக்கியக் காரணம்.

ஊர்க்காரர்களுக்கு இதனால் என்ன கிடைத்தது? வெற்றிதான், ஆனால் அரசு சொந்தப் பணத்தில் கட்டுமானத்தைத் தொடர்ந்தது. வெளிநாட்டுக்காரர் கேள்வி கேட்கும் தொல்லையும் அதற்குப் போயிற்று. அந்த நவம்பரில் துலே மாவட்ட மலைப்பகுதியில் சர்வேயை எதிர்த்தவர்கள் மீது போலீஸ் சுட்டதில் 15 வயது ஆதிவாசிப் பையன் ஒருவன் செத்துப்போனான்.

தண்ணீருக்குள் நின்று போராடுவது வெறும் நாடகம் இல்லையா?

ஆற்றில் வெள்ளம் வந்தால் இறங்கிவிடும். அணைத் தண்ணீர் அப்படியில்லை. மழைக்காலத்தில் ஒவ்வொரு நாளும் சாண் கணக்கில் ஏறும். முதலில் கரை வயல், பிறகு மாட்டுக் கொட்டகை, பிறகு திண்ணை. 1991ல் இருந்து மணிபேலியில் மழைக்காலம்தோறும் சத்தியாகிரகம் நடந்தது. "மூழ்குவோம், நகர மாட்டோம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்தவர்களைப் போலீஸ் இழுத்துக்கொண்டு போகும். 1994ல் மணிபேலி அருகே இருந்த சூலபாணேஸ்வரர் கோயில் நீருக்குள் போனது. 1999ல் தோம்கேடியில் மார்பளவு நீரில் நின்றார்கள்.

நர்மதையிலேயே இன்னும் மேலே, ஓம்காரேஷ்வர் அணையில் 2012ல் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கலாம். கந்த்வா மாவட்டம் கோகல்காவ் ஊரில் ஐம்பது பேர் கழுத்தளவு நீரில் 17 நாள் இருந்தார்கள். இயற்கை உபாதைக்கு மட்டும் வெளியே வருவார்கள். கால் தோல் வெளுத்து ஊறி உரியத் தொடங்கியது, விரலிடுக்கில் மீன் கடித்தது. பதினேழாம் நாள் மத்தியப் பிரதேச அரசு நீர்மட்டத்தைக் குறைப்பதாகவும் நிலத்துக்கு நிலம் தருவதாகவும் ஒப்புக்கொண்டது. அதே நாட்களில் ஹர்தா மாவட்டத்தில், நர்மதையின் இன்னொரு அணையான இந்திரா சாகருக்கு எதிராக இப்படியே நின்றவர்களைப் போலீஸ் தூக்கிப் போட்டது. ஒரே அரசு, ஒரே வாரம். கோகல்காவ்காரர்களும் 2015ல் மறுபடி தண்ணீருக்குள் இறங்க வேண்டியிருந்தது, அப்போது ஒரு மாதத்துக்கு மேல். நாடகம் என்றால் நடிகர்களுக்குக் கால் அழுகாது.

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?

1994ல் வழக்குப் போட்டார்கள். 1995ல் அணை 80 மீட்டரில் நின்றது. நாலு வருடம் அப்படியே. 2000 அக்டோபர் 18 அன்று மூன்று நீதிபதிகளில் இரண்டு பேர் கட்டலாம் என்றார்கள், மறுவாழ்வு முடிய முடியக் கட்டம் கட்டமாக உயர்த்திக்கொள்ளலாம் என்றார்கள். 1987லேயே அனுமதி கொடுத்த திட்டத்துக்கு எதிராக 1994ல் வருவது தாமதம் என்பதும் அவர்கள் வாதம். நீதிபதி பரூச்சா மட்டும் மாறுபட்டார். தேவையான ஆய்வுகள் முடியாமலே சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தது தப்பு, அதைத் திரும்ப ஆராயும்வரை வேலையை நிறுத்த வேண்டும் என்றார்.

அதற்குப் பிறகு 90 மீட்டர், 95, 100, 110, 2006ல் 121.92. ஒவ்வொரு உயர்வுக்கும் முன்னால் "மறுவாழ்வு முடிந்தது" என்று ஒரு சான்றிதழ். ஒவ்வொரு தடவையும் மூழ்கப்போகும் ஊர்க்காரர் ஒருவர் எழுந்து, "எனக்கு இன்னும் எதுவும் வரவில்லை" என்பார். 2014 ஜூனில் மதகுகள் வைத்து 138.68 மீட்டருக்கு உயர்த்த அனுமதி கிடைத்தது.

உயரத்தில் பத்து இருபது அடி கூடக் குறைய இருந்தால் என்ன?

நிறைய வித்தியாசம். நிமாட் சமவெளி. மலைப் பள்ளத்தாக்கில் தண்ணீர் ஒரு அடி ஏறினால் சரிவில் கொஞ்சம் ஏறும், சமவெளியில் ஒரு அடி ஏறினால் பக்கவாட்டில் வயல் வயலாகப் பரவும். நடுவர் மன்றம் வைத்தது 455 அடி, அதாவது அந்த 138.68 மீட்டர். அதை 436 அடியாகக் குறைத்தால் பல ஆயிரம் பேர் தப்பிப்பார்கள் என்று 90களில் மத்தியப் பிரதேச அரசே கேட்டது. நடக்கவில்லை.

பணம் கொடுத்தார்களே, அப்புறம் என்ன குறை?

மத்தியப் பிரதேசம் நிலத்துக்குப் பதிலாக ரொக்கம் கொடுக்கத் தொடங்கியது. பணம் இரண்டு தவணை. இரண்டாவது தவணை வேண்டுமென்றால் வேறு எங்கோ நிலம் வாங்கிய பத்திரத்தைக் காட்ட வேண்டும். கொடுக்கும் பணத்துக்கு அந்தப் பகுதியில் நல்ல நிலம் கிடைக்காது. தரகர்கள் நுழைந்தார்கள். ஒரே நிலத்தை நாலு பேருக்கு விற்ற பத்திரம், இல்லாத நிலத்துக்குப் பத்திரம், எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கிய பத்திரம் எல்லாம் வந்தன. காகிதத்தில் அவர் மறுவாழ்வு பெற்றுவிட்டார். கையில் இருந்த பணத்தில் பாதி தரகருக்குப் போயிருக்கும். உயர் நீதிமன்றம் நீதிபதி ஜா தலைமையில் விசாரணை ஆணையம் போட்டு, அது ஏழெட்டு வருடம் விசாரித்து மோசடியை உறுதிசெய்தது.

2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நிலம் கிடைக்காத 681 குடும்பங்களுக்குத் தலா 60 லட்சம் ரூபாயும், பத்திர மோசடியில் ஏமாந்த 1,358 குடும்பங்களுக்குத் தலா 15 லட்சமும் கொடுக்கச் சொன்னது. ஜூலை 31க்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும் என்றும் சொன்னது. முப்பது வருடம் எதுவுமில்லை, பிறகு அறுபது லட்சம். விட்டுக்கொடுக்காமல் நின்றவருக்கு அவ்வளவு, அரசை நம்பி முதலில் கையெழுத்துப் போட்டவருக்குச் சில லட்சம். ஒரே தெருவில் இருந்தவர்களுக்குள் இது உண்டாக்கிய கசப்பை நினைத்துப் பாருங்கள்.

குஜராத்தின் வறண்ட பகுதிகளான கட்ச், சௌராஷ்டிர மக்களுக்குத் தண்ணீர் வேண்டாமா?

வேண்டும். இதைக் கேட்பவரைக் கெட்டவராகப் பார்க்கும் பழக்கம் போராட்ட ஆதரவாளர்களிடம் கொஞ்சம் உண்டு, அது சரியில்லை. அங்கே கோடையில் ரயிலில் தண்ணீர் கொண்டுபோன காலம் உண்டு. குஜராத்தில் நர்மதை ஒரு கட்சியின் கோஷம் இல்லை, எல்லாக் கட்சியின் கோஷம். இன்று பல ஆயிரம் ஊர்களுக்கு இந்த அணையின் குடிநீர் போகிறது. 458 கிலோமீட்டர் பிரதான கால்வாய் குஜராத்தைக் கடந்து, 2008ல் ராஜஸ்தானையும் எட்டியது.

ஆனால் ஆரம்பத் திட்டத்தில் கட்ச்சின் சாகுபடி நிலத்தில் மிகச் சிறு பகுதிக்குத்தான் பாசனம் வைத்திருந்தார்கள். கால்வாயின் வால்பகுதியில் கட்ச், தலைப்பகுதியில் வளமான மத்திய குஜராத். வயலுக்கு வயல் தண்ணீர் கொண்டுபோகும் கிளை வாய்க்கால்கள் அணை எழுந்த வேகத்தில் எழவில்லை, பல வருடம் இழுத்தது. அங்கே அணையை விரைவுபடுத்தக் கேட்டவர்கள் வாய்க்காலை விரைவுபடுத்தக் கேட்டிருந்தால் தாகம் சீக்கிரமே தீர்ந்திருக்கும்.

குஜராத்தில் குடியேற்றப்பட்டவர்கள் இப்போது வசதியாக இருக்கிறார்களாமே?

பலர் இருக்கிறார்கள். சாலை, மின்சாரம், பைக், டிவி வந்திருக்கிறது, மலையில் தங்கிவிட்டவர்களைவிட சொத்து கூடியிருக்கிறது என்று சில வருடங்களுக்கு முன் ஒரு பொருளாதார ஆய்வு சொன்னது. நம்புகிறேன். அதே ஆய்வில் கணிசமானவர்கள், வாய்ப்பிருந்தால் பழைய ஊருக்கே போய்விடுவோம் என்றும் சொல்லியிருந்தார்கள். இரண்டும் ஒரே மனிதருக்குள் இருக்கலாம்.

மேதா பட்கர் வெளியூர்க்காரர்தானே?

ஆமாம். அணையின் பொறியாளர்களும் வெளியூர்க்காரர்கள்தான்.

சரி, கொஞ்சம் பெரிதாகவே சொல்கிறேன். அவர் வராமல் இருந்திருந்தால் இந்த அளவுக்கு வெளியே தெரிந்திருக்காது. ஆனால் ஒருவர் வந்து சொன்னார் என்பதற்காக யாரும் தண்ணீரில் நிற்க மாட்டார்கள். கூட்டங்களில் முன்வரிசையில் இருந்தவர்களும் சர்வே ஆட்களை ஊருக்குள் விடாமல் துரத்தியவர்களும் பெரும்பாலும் பெண்கள். அரசுப் பள்ளி காகிதத்தில் மட்டும் இருந்த மலை ஊர்களில் 1990களின் தொடக்கத்திலேயே "ஜீவன்சாலை" என்ற பள்ளிகளை ஊர்க்காரர்களே நடத்தினார்கள். சிமல்கேடியிலும் நிம்கவ்வாணிலும் முதலில் வந்தன. தண்ணீர் ஏறினால் பள்ளிக்கூடத்தைப் பிரித்து மேலே கொண்டுபோய்க் கட்டிக்கொள்வார்கள்.

எங்காவது மக்கள் போராடி அணையை நிறுத்தியிருக்கிறார்களா?

நர்மதையிலேயே உண்டு. மகேஷ்வர் அணை தனியார் நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்ட மின்திட்டம். 1998 ஜனவரியில் ஆயிரக்கணக்கான ஊர்க்காரர்கள் இரவோடு இரவாகப் போய்க் கட்டுமான இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். ஜெர்மன் நிறுவனங்களும், பிறகு அமெரிக்க நிறுவனமும் பின்வாங்கின. சுவர் எழுந்தது, தண்ணீர் நிரம்பவில்லை. 2020ல் மத்தியப் பிரதேச அரசு மின்கொள்முதல் ஒப்பந்தத்தையே ரத்து செய்தது.

ஜார்க்கண்டில் கோயல்-காரோ. முண்டா ஆதிவாசிகள் 1970களில் இருந்து எதிர்த்தார்கள். அவர்கள் வைத்த நிபந்தனைகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும்: முதலில் எங்கள் சர்னாவை, அதாவது சாமி குடியிருக்கும் தோப்பை, இடம் மாற்றிக் காட்டுங்கள், அது முடிந்தால் நாங்களும் வருகிறோம். எந்தப் பொறியாளராலும் முடியாத வேலை. 2001 பிப்ரவரி 2 அன்று தப்கராவில் போலீஸ் சுட்டு எட்டுப் பேர் செத்தார்கள். 2003ல் திட்டம் கைவிடப்பட்டது. பிலிப்பைன்ஸில் சிகோ ஆற்றில் மார்க்கோஸ் ஆட்சி திட்டமிட்ட அணைகளைக் கலிங்கா, பொன்டோக் மக்கள் தடுத்தார்கள். அவர்களுடைய தலைவர் மக்ளியிங் துலாக்கை 1980 ஏப்ரலில் ராணுவத்தினர் சுட்டுக் கொன்றார்கள், அணைகள் வரவில்லை.

தோற்றதும் உண்டு. புனே அருகே முல்ஷியில் 1921ல் டாடா மின்திட்டத்துக்கு எதிராகச் சேனாபதி பாபட் நடத்திய சத்தியாகிரகம் அணையை நிறுத்தவில்லை.

நர்மதையில் அணை எழுந்துவிட்டது. அப்படியென்றால் தோல்விதானே?

அணையை வைத்துப் பார்த்தால் தோல்விதான், சுற்றி வளைக்க வேண்டாம். எண்ணிக்கையை வைத்துப் பாருங்கள். 6,000 என்று காகிதத்தில் இருந்த குடும்பங்கள் 40,000 ஆனதற்குக் காரணம் எந்த அதிகாரியும் இல்லை. 1894ஆம் வருடத்து நிலம் எடுப்புச் சட்டம் போய், மறுவாழ்வையும் சேர்த்துப் பேசும் 2013 சட்டம் வந்ததில் நர்மதைக்கும் பங்குண்டு. 1998ல் உலக அணைகள் ஆணையம் அமைந்தபோது மேதா பட்கர் அதன் உறுப்பினர்களில் ஒருவர். உலகம் முழுக்க அணைகளால் 4 கோடி முதல் 8 கோடி பேர்வரை இடம்பெயர்ந்திருக்கலாம் என்று 2000ல் அது சொன்னது. சிறு எண்ணுக்கும் பெரிய எண்ணுக்கும் நடுவே இரண்டு மடங்கு இடைவெளி. யாருமே எண்ணியதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இப்போது அங்கே என்ன நிலைமை?

2017 ஜூனில் மதகுகளை மூடினார்கள். ஜூலை கடைசியில் பட்வானி அருகே உள்ள அதே ராஜ்காட்டில் காந்தி, கஸ்தூர்பா, மகாதேவ் தேசாய் ஆகியோரின் அஸ்தி வைத்த நினைவிடத்தை விடியற்காலையில் ஜேசிபி கொண்டு பெயர்த்தெடுத்தார்கள். செப்டம்பர் 17ல் திறப்பு விழா. அடுத்த வருடம் அணைக்கு எதிரே 182 மீட்டர் உயரப் படேல் சிலை வந்தது.

நீர்த்தேக்கம் முதல்முறை விளிம்புவரை நிரம்பியது 2019 செப்டம்பரில். 76 ஊர்களில் 6,000 குடும்பங்கள் இன்னும் மூழ்குபகுதியில் இருக்கின்றன என்று அந்த வருடம் மே மாதம் மத்தியப் பிரதேச அரசு எழுத்திலேயே கொடுத்திருந்தது. 32,000 என்றது போராட்டக் குழு. தண்ணீர் இரண்டு கணக்கையும் பார்க்காமல் ஏறியது. சிகல்தா போனது, நிசர்பூர் போனது, ராஜ்காட்டின் பழைய பாலம் போனது.

ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. அணைக்குப் பின்னால் வெள்ளத்தில் நீர் எவ்வளவு உயரம் ஏறும் என்பதைச் சில வருடங்களுக்கு முன் மறுபடி கணித்து, 15,946 குடும்பங்களை "இவர்கள் வீடு மூழ்காது" என்று பட்டியலில் இருந்து நீக்கியிருந்தார்கள். 2023 செப்டம்பர் நடுவில் கனமழை. நிரம்பிய அணைக்குப் பின்னால் நீர் ஏறி, பட்வானி, தார் மாவட்டங்களில் அப்படி நீக்கப்பட்டவர்களின் வீடுகளுக்குள் புகுந்தது. முட்டி உயரச் சேற்றை அள்ளிக் கொட்டிவிட்டு அவர்கள் கலெக்டர் ஆபீஸுக்குப் போனார்கள், பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லி.